புதிய ரிவால்வரும் பழைய அச்சமும்



வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் வீட்டிற்கு ஒரு புதிய பொருள் வந்து சேர்ந்தால், அது பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்து வந்த மாவரைக்கும் கிரைண்டராக இருக்கும். இல்லையேல் கும்பகோணத்துப் பித்தளைக் காப்பி வடிகட்டியாக இருக்கும். நமது வீட்டிற்கு வந்து சேர்ந்ததோ ஒரு ரிவால்வர். இதைக் கேட்டு நண்பர்கள் சிலர் நகைத்தார்கள். சிலர் நம்மைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள். அறுபதைக் கடந்த, மூக்குக் கண்ணாடி அணிந்த, வாழ்நாளெல்லாம் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஒருவருக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று அவர்கள் வியந்ததில் பிழையில்லை. அந்த உறவு எப்படித் தொடங்கியது, துப்பாக்கி சுடும் களத்தில் அது எப்படிச் சோதனைக்கு உள்ளாயிற்று, இப்பொழுது எந்த நிலையில் நிற்கிறது என்பவற்றைச் சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

நாம் வாழ்வது கான்பூரில். கங்கைக் கரையிலுள்ள இந்நகரம் ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் பெயர் பெற்றது. தோல் பதனிடும் தொழிலுக்கு இன்றும் பெயர் பெற்றது. படைக்கலத் தொழிற்சாலைகள் இங்கே பல உண்டு. 1959-ஆம் ஆண்டில் தொடங்கிய தொழில்நுட்பக் கழகம் உண்டு. இவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் தமிழர் பலர் இங்கு வந்தனர். நாமும் அப்படி வந்தவரே. பிள்ளைகள் வளர்ந்து வேற்றூர் சென்றுவிட்டனர். நகரின் ஓரத்தில் கட்டிய வீட்டில் நாமும் நம் மனைவியும் மட்டுமே எஞ்சினோம். இந்நிலையில், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் திருடர் புகுந்து, தனியே இருந்த முதியவர் ஒருவரை அடித்துக் கட்டிப்போட்டுவிட்டுச் சென்றனர். மறுநாள் முதல் நமக்கு உறக்கம் குறைந்தது. பூட்டைச் சரிபார்க்க இரவில் மூன்று முறை எழுந்தோம். அச்சம் ஒருவனுக்குள் புகுந்துவிட்டால், அது தனக்கு ஒரு துணையையும் தேடிக்கொள்ளும். நமது அச்சம் தேடிக்கொண்ட துணை இந்த ரிவால்வர்.

இந்நாட்டில் ஒரு குடிமகன் துப்பாக்கி வைத்துக்கொள்வது எளிதன்று. எளிதாக இருக்கவும் கூடாது. ஆங்கிலேயர் 1878-இல் இயற்றிய ஆயுதச் சட்டம் இந்தியரிடமிருந்து ஆயுதங்களை விலக்கி வைப்பதையே நோக்கமாகக் கொண்டது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அச்சட்டத்தைக் குறித்து முறையிட்டது. 1931-இல் கராச்சியில் நிறைவேறிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. எனினும் சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் அதை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கி, உரிமத்தின் பேரில் மட்டுமே துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று வகுத்தது. ஒரு தலைமுறை உரிமை என்று கேட்டதை அடுத்த தலைமுறை பொறுப்பு என்று கண்டுகொண்டது போலும்.

நாமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். போலீசார் வீட்டிற்கு வந்து விசாரித்தனர், அக்கம்பக்கத்தாரையும் விசாரித்தனர். எதற்காக வேண்டும் என்ற கேள்விக்குத் 'தற்காப்பு' என்று ஒரே சொல்லில் விடை எழுதினோம். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். அதையும் பெற்றோம். வகுப்பறையில் சொன்னவற்றை ஏட்டில் எழுதிக்கொண்டோம், சான்றிதழும் வந்தது. ஏட்டில் எழுதியது கைக்குள் இறங்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

இனி ரிவால்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் செய்தவர் வெளிநாட்டவரல்லர். நம் ஊரிலேயே உள்ள சிறு ஆயுதத் தொழிற்சாலை செய்தது. பொதுமக்கள் வாங்கக்கூடியது .32 அங்குல விட்டமுள்ள வகை. .38 அங்குலமும் 9 மில்லிமீட்டரும் படையினருக்கும் போலீசாருக்கும் உரியவை. பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. நமது ரிவால்வரின் குழல் 3 அங்குலம். தோட்டா இல்லாத நிலையில் எடை சுமார் 700 கிராம். முக்கால் கிலோ புளிக்குச் சற்றுக் குறைவு என்று நம் மனைவி மதிப்பிட்டார். இதன் அமைப்பு பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் வழி வந்தது. கைப்பிடிக்கு மேலுள்ள தாழை விரலால் தள்ளினால் குழல் முன்புறமாக மடிந்து கீழே சாயும். உருளையின் ஆறு அறைகளும் கண்முன் திறக்கும். ஆறு தோட்டாக்களை இட்டு மூடிச் சுட்டபின், மறுபடி மடித்தால் ஆறு வெறுங்கூடுகளும் ஒருங்கே மேலெழும்பி நிற்கும். கணக்கெழுதியவர்க்கு இது மிகப் பிடித்த காட்சி. வரவு ஆறு, செலவு ஆறு, மீதி இல்லை.

சுழலும் உருளை என்னும் கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து 1836-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் சாமுவேல் கோல்ட். அதன் சிறப்பு அதன் எளிமையிலேயே இருக்கிறது. விசையை இழுத்தால் உருளை ஓர் அறை சுழல்கிறது, சுத்தி பின்னே சென்று முன்னே விழுகிறது, தோட்டா வெடிக்கிறது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். மறைவான விசைகள் பல இல்லாததால், முதியவர் கைக்கு ஏற்றது என்று கடைக்காரர் சொன்னார். நாமும் நம்பினோம். கடையிலிருந்து வீடு திரும்பும்போது மடியிலிருந்த அந்தப் பெட்டி நம் வயதில் பத்தைக் குறைத்துவிட்டதாகவே தோன்றிற்று.

அன்று இரவு அதில் ஆறு தோட்டாக்களையும் இட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டோம். ஒரு தோட்டாவேனும் சுட்டுப் பார்த்ததில்லை. நம் மனைவி, "இது நம்மைக் காக்குமா, அல்லது இதை நாம் காக்க வேண்டுமா?" என்று கேட்டார். விடை சொல்லாமல் விளக்கை அணைத்தோம்.

ஜனவரி மாதத்தில் இப்பகுதியைப் பனிமூட்டம் மூடுவதை வடக்கே வாழும் நேயர்கள் அறிவீர்கள். ரயில் வண்டிகள் மணிக்கணக்கில் பிந்தி வரும். அப்படி ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும். பின்கட்டுக் கதவின் தாழ் மெல்ல அசைந்தது. மீண்டும் அசைந்தது. நாம் விழித்துக்கொண்டோம். நமது கை தலையணைக்கடியில் சென்றது. ரிவால்வரை எடுத்தோம் என்பது நினைவிருக்கிறது. விசையின்மேல் விரல் எப்பொழுது சென்றது என்பது நினைவில்லை. இருளில் கதவை நோக்கிக் கை நீண்டது. அதற்குள் நம் மனைவி விளக்கைப் போட்டு, உரத்த குரலில், "யாரப்பா அது?" என்று கேட்டுவிட்டார். "அம்மா, நான்தான்" என்று விடை வந்தது. தில்லியிலிருந்து இரவு ஒன்பது மணிக்கே வந்திருக்க வேண்டிய நம் மகன், ரயில் ஐந்து மணி நேரம் பிந்தியதால் அப்பொழுது வந்திருக்கிறான். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. பெற்றோர் உறக்கத்தைக் கெடுக்கலாகாது என்று எண்ணி மணியை அடிக்காமல், சிறுவயதிலிருந்து பழகிய பின்கதவைத் திறக்க முயன்றிருக்கிறான்.

அவனுக்கு எதையும் சொல்லவில்லை. அவன் காப்பி குடித்துப் படுத்தபின், நாம் ரிவால்வரைத் திறந்து ஆறு தோட்டாக்களையும் வெளியே எடுத்தோம். கை நடுங்கியதால் ஒன்று கீழே விழுந்து கட்டிலடியில் உருண்டது. நம் மனைவி விளக்கைக் காட்டி அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். பொழுது விடியுமுன் ஒன்று மட்டும் முடிவு செய்தோம்: இப்பொருளை நாம் அறிந்துகொள்ள வேண்டும், அறிந்துகொள்ள இயலாதாயின் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நகருக்கு வெளியே உள்ள ஒரு சுடும் களத்தில் உறுப்பினரானோம். நீண்ட கொட்டகை, எதிரே திறந்த வெளி, அதன் கோடியில் உயர்ந்த மண்மேடு. அங்கே பயிற்சி தருபவர் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், கர்வால் மலைநாட்டுக்காரர். எல்லோரும் அவரை 'உஸ்தாத்' என்றே அழைத்தனர். அவர் நம்மை 'பாபுஜி' என்று அழைத்தார். முதல் நாள் அவர் ரிவால்வரைத் தொடவே விடவில்லை. நான்கு விதிகளை மட்டும் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இட்டதாகவே எண்ண வேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் அதன் வாய் திரும்பலாகாது. குறி சேரும்வரை விசைமேல் விரல் செல்லலாகாது. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்தாலன்றிச் சுடலாகாது. நாம் நான்கையும் சொன்னோம். பின்கதவு நினைவுக்கு வந்தது. அந்த ஓர் இரவில் நான்கு விதிகளையும் ஒருசேர மீறியிருந்தோம்.

அடுத்த வாரம் சுட்டோம். காதுகளுக்கு உறையிட்டு, கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, 10 மீட்டர் தொலைவில் தொங்கிய இலக்குத் தாளின் முன் நின்றோம். உறையிட்ட காதிலும் சத்தம் மண்டைக்குள் இறங்கிற்று. ரிவால்வரின் உதைப்பு நாம் அஞ்சிய அளவு இல்லை. .32 வகைத் தோட்டாவின் ஈயக்குண்டு சுமார் 6 கிராம்தான்; விநாடிக்கு 200 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்திற்கும் குறைவாகவே செல்கிறது. கையில் ஓர் உறுதியான தள்ளுதல், அவ்வளவே. வெடித்தபின் எழும் மணம் தீபாவளி விடியற்காலையை நினைவூட்டும் என்று எதிர்பார்த்தோம். அப்படியில்லை. பட்டாசில் இருப்பது கந்தகம் கலந்த கரிமருந்து. இதில் இருப்பது புகையற்ற வேறு மருந்து. அதன் நெடி கூர்மையானது. பண்டிகையின் சாயல் அதில் சிறிதும் இல்லை.

ஆறு தோட்டாக்களையும் சுட்டபின் தாளைக் கொண்டுவந்து பார்த்தோம். தாளில் இரண்டு துளைகளே இருந்தன. அவ்விரண்டும் ஓரத்தில் இருந்தன. நம் வீட்டுக் கூடத்தின் நீளம் 10 மீட்டருக்கும் குறைவு. ஆகவே அக்கூடத்தில் நின்று நாம் சுட்டிருந்தால், ஆறில் நான்கு குண்டுகள் எங்கே சென்றிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தோம். சுவரையும் கதவையும் தாண்டி அண்டை வீட்டுக் குழந்தைகள் உறங்கும் அறை இருக்கிறது.

தவறு எங்கே என்று உஸ்தாத் ஒவ்வொன்றாக விளக்கினார். முதலாவது விசை. சுத்தியைப் பின்னிழுக்காமல் விசையை மட்டுமே இழுத்துச் சுட்டால், அது நீளமாகவும் கனமாகவும் வரும். இவ்வகை ரிவால்வர்களில் இதுவே இயல்பு. அந்த நீண்ட இழுப்பில் கை முழுவதும் சேர்ந்து இறுகிக் குழல் திசை மாறும். சுத்தியைக் கட்டைவிரலால் முன்னரே பின்னிழுத்து வைத்துச் சுட்டால் விசை சிறு அழுத்தத்திலேயே விடுபடும். இரண்டாவது குறி. சிறிய ரிவால்வரில் முன்குறி முள்ளுக்கும் பின்குறிப் பள்ளத்திற்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 5 அங்குலமே. அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 10 மீட்டரில் 8 சென்டிமீட்டர் பிசகும். மூன்றாவது கண். நமது கண்ணாடியின் மேற்பகுதி தொலைவுக்கு, கீழ்ப்பகுதி படிப்புக்கு. நீட்டிய கையின் தொலைவிலுள்ள முன்முள்ளோ இரண்டிலும் மங்கலாகவே தெரிந்தது. கண்ணாடிக் கடைக்காரரிடம் கையை நீட்டிக் காட்டி, அந்தத் தொலைவுக்கென்றே ஒரு கண்ணாடி செய்துகொண்டோம். எதற்கு என்று அவர் கேட்டார்; வீணை பழகுகிறோம் என்று சொல்ல நினைத்து, உண்மையையே சொன்னோம்.

இம்மூன்றும் திருந்தியபின் துளைகள் தாளுக்குள் வந்தன. ஆயினும் பெரும்பாலானவை இலக்கின் நடுவுக்குக் கீழே இடப்புறமாகவே விழுந்தன. ரிவால்வரின் குறியில்தான் கோளாறு என்று நாம் சொன்னோம். உஸ்தாத் பேசாமல் அதை வாங்கி, இரண்டு தோட்டாக்களைச் சுட்டார். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. பின்னர் நமக்கு முதுகைக் காட்டி நின்று, உருளையில் எதையோ இட்டு மூடி, "இப்பொழுது சுடுங்கள், பாபுஜி" என்று கொடுத்தார்.

முதல் குண்டு வெடித்தது. இரண்டாம் முறை சுத்தியைப் பின்னிழுத்து, குறி பார்த்து, விசையை அழுத்தினோம். 'டக்' என்று ஒரு சிறு ஓசை மட்டும் கேட்டது, வெடிக்கவில்லை. அந்த அமைதியில் நம் கண்ணால் கண்டோம்: ரிவால்வரின் வாய் இரண்டு விரற்கடை கீழே சரிந்தது. உதைப்பு எதுவும் இல்லை. அதைச் சரித்தது நம் கையேதான். உஸ்தாத் மூன்று அறைகளில் தோட்டாவும் மூன்றில் வெறுங்கூடும் இட்டிருந்தார். எது எங்கே என்பது நமக்குத் தெரியாது. வெடிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தமும் உதைப்பும் சேர்ந்து அந்த நடுக்கத்தை நம்மிடமிருந்தே மறைத்துவிடுகின்றன. வெறுங்கூடு அதை மறைக்கவில்லை. வெடிக்கப் போகிறது என்னும் அச்சத்தால், வெடிக்கும் முன்பே நமது கை அஞ்சிக் குனிந்துகொண்டிருந்தது.

"கை பொய் சொல்லாது, பாபுஜி" என்றார் உஸ்தாத்.

அன்பர்களே, இந்த ஒரு கணத்திற்காகவே இவ்வளவையும் சொன்னோம். அச்சத்தைப் போக்கிக்கொள்ள நாம் ஒரு பொருளை வாங்கினோம். அப்பொருளோ, அச்சம் இருக்குமிடத்தை நமக்குக் காட்டிக்கொடுத்தது. அது தெருவிலும் இல்லை, பின்கதவிலும் இல்லை, கைப்பிடியைப் பற்றியிருந்த நம் விரல்களிலேயே இருந்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். வல்லவன் அல்லாதவன் கையில் ஆயுதமும் புல்லாகிப் போனால்கூடக் கேடில்லை. அது ஆயுதமாகவே இருந்துவிடுகிறது, துன்பம் அங்கேதான்.

அந்தக் களத்தின் மறுகோடியில் சிறுவர் சிறுமியர் காற்றுத் துப்பாக்கி பழகினர். அவர்களுக்கும் தொலைவு 10 மீட்டர்தான். ஆனால் அவர்களுடைய இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளிக்குரிய குறி, அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு புள்ளி. பள்ளிச் சீருடையில் வந்த ஒரு சிறுமி, ஒவ்வொரு முறையும் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, குறி நிலைகொள்ளவில்லை என்றால் சுடாமலே துப்பாக்கியைத் தாழ்த்தி, மறுபடி தொடங்கினாள். சுடுவதைக் காட்டிலும் சுடாமல் தாழ்த்துவதையே அவள் மிகுதியாகச் செய்தாள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இப்படிப் பழகித்தானே 2019-இல் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்று, டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் களத்தில் நின்றார்! வெளி மாநிலத்தில் வளரும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இக்கலை அந்நியமன்று. அதைக் கண்டபின் நாமும் தாழ்த்தப் பழகினோம்.

மாதம் இருமுறை சென்றோம். வெறுங்கூட்டுப் பயிற்சியை ஒருநாளும் விடவில்லை. நான்காம் மாதத்தில் சுத்தியைப் பின்னிழுத்துச் சுட்டால் ஆறு குண்டுகளும் ஒரு காப்பித் தட்டின் அளவுக்குள் அடங்கின. விசையை மட்டும் இழுத்துச் சுட்டால் சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள். இது வீரச் செயலன்று. சினிமாவில் ஓடும் குதிரைமேலிருந்து சுடுவோரை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் சிரிப்பே வரும். 25 மீட்டரில் நமது குண்டுகள் இன்னமும் மண்மேட்டையே நாடுகின்றன. ஆயினும் வெறுங்கூட்டின்மேல் சுத்தி விழும்போது குழலின் வாய் அசையாமல் நின்ற அன்று, பேரன் பிறந்த செய்தி கேட்ட நாளைப் போல மகிழ்ந்தோம். வீடு திரும்பியதும், கையை நன்கு கழுவினாலன்றிச் சமையலறைக்குள் வரக்கூடாது என்று நம் மனைவி தடுத்தார். அவர் சொன்னது ஆசாரத்திற்காக அன்று. குண்டிலுள்ள ஈயம் நஞ்சு. அதன்பின் குழலைத் தூரிகையால் துடைத்து, எண்ணெயிட்டு வைப்போம். அரை மணி நேர வேலை அது.

இடையில் ஒரு சிறு சோதனை வந்தது. அண்டை வீட்டார் தம் மகன் திருமண ஊர்வலத்திற்கு நம்மை அன்போடு அழைத்து, "பாயி சாஹிப், ரிவால்வரையும் கொண்டு வாருங்கள், மாப்பிள்ளை குதிரையேறும்போது வானத்தை நோக்கி இரண்டு வெடி வெடிக்கலாம்" என்றார். இப்பகுதியில் இது ஒரு பழக்கம். வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு வானத்திலேயே தங்குவதில்லை. எங்கோ ஒரு தலைமேல் இறங்குகிறது. ஊர்வலக் கூட்டத்தில் கை தவறி உயிர்கள் போனதும் உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், கொண்டாட்டத்திற்காக அஜாக்கிரதையாகச் சுட்டுப் பிறரை ஆபத்துக்குள்ளாக்குவோருக்கு இரண்டாண்டுவரை சிறைத் தண்டனை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழி செய்திருக்கிறது. நாம் சட்டத்தை எடுத்துச் சொல்லவில்லை. "மணமக்களுக்குப் பட்டுப்புடவையும் வேட்டியும் கொண்டு வருகிறோம், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம்" என்றோம். அவர் முகம் சற்றுச் சுண்டியது. ஆயினும் புடவையைக் கண்டபின் மலர்ந்துவிட்டது.

சட்டத்தைப் பற்றி வேறொன்றும் நினைவில் வைக்க வேண்டும். தற்காப்பு உரிமை நமக்கு உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த அவ்விதிகள், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இடம்பெற்றுள்ளன. எனினும் காத்துக்கொள்வதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தீங்கு செய்ய எவருக்கும் உரிமையில்லை. எவ்வளவு தேவை என்பதை இருளில், உறக்கக் கலக்கத்தில், ஒரு கணத்தில் நிறுத்துப் பார்க்கத் தராசு எங்கே இருக்கிறது? முப்பத்தைந்து ஆண்டு கணக்கெழுதிய நமக்கே அது கைவரும் என்று சொல்லத் துணிவில்லை.

இன்று ரிவால்வர் தலையணைக்கடியில் இல்லை. தோட்டா நீக்கி, இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கிறது. தோட்டாக்கள் வேறொரு பெட்டியில் பூட்டியிருக்கின்றன. பின்கதவுக்கு உறுதியான தாழ் இட்டோம். இரு வாயில்களிலும் ஆள் நடமாடினால் தானே எரியும் விளக்கு வைத்தோம். அக்கம்பக்கத்தார் பத்து வீட்டாரும் ஒருவருக்கொருவர் தொலைபேசி எண்ணைக் கொடுத்துக்கொண்டோம். மகனிடம், "எத்தனை மணிக்கு வந்தாலும் மணியை அடித்துவிட்டு வா, எங்கள் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதே" என்று சொன்னோம். காரணம் கேட்டான். அன்றுதான் அந்த ஜனவரி இரவைப் பற்றிச் சொன்னோம். அவன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, அடுத்த முறை களத்திற்கு நானும் வருகிறேன்" என்றான். வந்தான், நாம் சுடுவதைப் பின்னால் நின்று பார்த்தான்.

இவ்வளவு முன்னரே தெரிந்திருந்தால் ரிவால்வரை வாங்கியிருப்போமா என்று நேயர்கள் கேட்கலாம். தாழும் விளக்கும் அண்டை வீட்டார் எண்களும் முதலில் வந்திருக்கும். ரிவால்வர் ஒருவேளை வந்தே இராது. வந்துவிட்ட பின், அது நமக்கு உடைமை என்பதைவிடக் கடமையாகவே இருக்கிறது. களத்திற்குச் செல்ல உடல் இடங்கொடாத நாள் வரும்போது, உரிமத்தோடு அதை ஒப்படைத்துவிடுவது என்று எழுதி வைத்திருக்கிறோம். எவரேனும் வாங்க எண்ணினால், நாம் சொல்லக்கூடியது ஒன்றே: கடைக்குச் செல்லும் முன் ஏதேனும் ஒரு பயிற்சிக் களத்திற்குச் செல்லுங்கள். தக்கவர் ஒருவர் துணையுடன், வெறுங்கூடு இட்ட ரிவால்வரை ஒரு முறை பிடித்துப் பாருங்கள். உங்கள் கை சொல்வதைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

சென்ற சரஸ்வதி பூசை அன்று நம் வீட்டு வழக்கப்படி புத்தகங்களையும் கணக்கேடுகளையும் அடுக்கி, தையல் இயந்திரத்திற்கும் அரிவாள்மணைக்கும் சந்தனமிட்டார் நம் மனைவி. இப்பகுதியில் விஜயதசமியன்று துப்பாக்கி வைத்திருப்போர் அதற்கும் பூசை செய்வர். நமதையும் வைக்கலாமா என்று கேட்டோம். சற்று யோசித்தார். பிறகு அலமாரியிலிருந்து இலக்குத் தாள் ஒன்றை எடுத்து வந்து, புத்தகங்களின்மேல் வைத்து, அதற்கு ஒரு குங்குமப் பொட்டிட்டார். ஆறு துளைகளும் காப்பித் தட்டளவுக்குள் அடங்கிய முதல் தாள் அது. ரிவால்வர் அலமாரியிலேயே இருந்தது.